அமிலத்துக்கு மசியாத ரத்தம்

பேத்தி பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை பார்ப்பதற்காக ரத்தம் எடுத்தார்கள். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்ததில் 17.4 என்று வந்தது, 100 மில்லி ரத்தத்தில் இத்தனை கிராம் என்று கணக்கு. பத்தாவது வாரத்தில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தபோது மறுபடியும் எடுத்தார்கள், 10.1. காய்ச்சல் போய்விட்டது, தாள் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. சம்பந்தி அம்மாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீங்கள் முப்பது வருடம் லேபில் இருந்தவர். நீங்களே சொல்லுங்கள். ஏழு கிராம் ரத்தம் எங்கே போயிற்று?"

அன்று சாயங்காலமே ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்து இறங்கியது. பால் கொடுப்பவள் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஊறும் என்பது அவர் கணக்கு. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வயதுக்கு இது சரிதான் அம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். ஒரே வரியில் சொன்னதால்தான் சம்பந்திக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை, ஏனென்றால் பச்சைக் குழந்தையின் ரத்தம் ஒருமுறை என்னையே தலைகுனிய வைத்திருக்கிறது.

அது 1986. பயிற்சி முடித்து ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம். ஹீமோகுளோபின் பார்க்க எங்களிடம் இருந்தது சாலி கருவி. இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடி பதித்த சிறிய பெட்டி, நடுவில் கோடு போட்ட மெல்லிய குழாய். குழாயில் 2 என்ற கோடு வரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். பிப்பெட்டில் வாயை வைத்து உறிஞ்சித்தான் எடுப்போம், இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைத்தால் சிவப்பு போய் டிகாக்ஷன் நிறம் வரும். ஜன்னலோரம் போய் நின்று, சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த நீரை விட்டு, இரு பக்கக் கண்ணாடியின் நிறத்தோடு குழாயின் நிறம் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே ஹீமோகுளோபின். மேகம் மூடிய நாளில் ஊர் முழுக்க ரத்தசோகை இருப்பதுபோலத் தோன்றும் கருவி அது.

ஒருநாள் பிரசவ அறையிலிருந்து, பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் ரத்தம் வந்தது. அமிலத்தில் விட்டேன், காத்திருந்தேன். பழுப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறவே இல்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தண்ணீருக்கே நிறம் கண்ணாடியோடு ஒத்துப்போய்விட்டது. 11 என்று எழுதி அனுப்பினேன். டாக்டரம்மா நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "குழந்தை செம்பருத்திப் பூ மாதிரி கிடக்கிறது, நீ 11 என்று எழுதியிருக்கிறாய். அது குழந்தை ரத்தமா, குழாய்த் தண்ணீரா?" மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே எண்.

மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார், அதிகம் பேசாதவர். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பச்சைப் பிள்ளை ரத்தம் அமிலத்துக்கு மசியாது அம்மா. டிராப்கின் கரைசலில் போடு" என்றார். அது மஞ்சள் நிறக் கரைசல், சயனைடு கலந்தது. எடுக்கும்போது கை நடுங்கும். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் 540 நானோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது 17-ஐத் தாண்டி நின்றது. ரத்தம் குறையவே இல்லை. என் அமிலம் தொடமுடியாத ஏதோ ஒன்று அதில் இருந்தது.

அந்த "ஏதோ ஒன்று" புதிய செய்தியும் இல்லை. 1866-லேயே கோர்பர் என்ற ஆய்வாளர் பிறந்த குழந்தையின் ரத்தம் காரத்தில் எளிதில் சிதையாமல் நிற்பதைக் கவனித்திருக்கிறார். 120 வருடம் கழித்து, படித்த படிப்பில் அதைக் கவனிக்காமல் விட்ட நான் திட்டு வாங்கினேன்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சுருண்டு ஒட்டிக்கொண்ட ஓர் உருண்டை. பெரியவர்களுக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு சங்கிலியின் மடியிலும் ஒரு ஹீம், அதன் நடுவே ஓர் இரும்பு அணு. அந்த இரும்பில்தான் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. ஆக, ஓர் உருண்டைக்கு நான்கு இருக்கை. ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி உருண்டைகள். இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்றால், ஆக்சிஜன் தண்ணீரில் கரைய மறுக்கிற வாயு. 100 மில்லி ரத்தத்தில் வெறுமனே கரைந்திருப்பது 0.3 மில்லி மட்டுமே. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளினாலும் கரைந்த கணக்கில் 15 மில்லி கிடைக்கும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கே நமக்கு 250 மில்லி வேண்டும். ஹீமோகுளோபின் இருப்பதால் அதே 100 மில்லியில் 20 மில்லி ஏறுகிறது.

ஏற்றிக்கொள்வதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கார்பன் மோனாக்சைடைக்கூட ஹீமோகுளோபின் ஏற்றிக்கொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. பிறகு விடமாட்டேன் என்கிறது, மனிதன் செத்துப்போகிறான். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை எளிதில் புரியும். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, நான்கு நாற்காலி காலியாக இருக்கிறது. முதலில் போய் உட்கார எல்லோருக்கும் கூச்சம். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவருக்குத் தயக்கம் குறைகிறது. நான்காமவர் ஓடிவந்து இடம்பிடிக்கிறார். எழுந்திருப்பதும் அப்படியே. பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை கை காய உட்கார்ந்திருப்போம். ஒருவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். ஹீமோகுளோபினிலும் முதல் ஆக்சிஜன் உட்காரும்போது சங்கிலிகள் லேசாகத் திரும்பி, மற்ற மூன்று இருக்கைகளையும் வசதியாக்கிவிடுகின்றன. இந்தத் திரும்பலைப் படமாகப் பார்க்க மாக்ஸ் பெருட்ஸ் என்ற மனிதர் 1937-இல் எக்ஸ் கதிரோடு உட்கார்ந்தார்; உருண்டையின் வடிவம் தெளிய 1959 ஆயிற்று. இருபத்திரண்டு வருடம் ஒரே மூலக்கூறு! 1962-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பொறுமைக்குத் தனிப் பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

பந்திப் பழக்கத்தின் விளைவு இது. நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும்போது இருக்கைகளில் 97 சதவீதம் நிரம்பிவிடுகின்றன. உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தத்தில் அழுத்தம் 40. அப்போது 75 சதவீதம். இடையில் இறங்கிய கால் பங்குதான் நம் சீவனம். ஓடினால், உழைத்தால் அழுத்தம் இன்னும் இறங்கும், வரிசை வரிசையாக எழுந்து இறங்குவார்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு நுரையீரல் உண்டு, காற்று கிடையாது. அம்மாவின் ரத்தம் நஞ்சுக்கொடியில் வந்து குளம்போலத் தேங்குகிறது. அந்தக் குளத்தில் பிள்ளையின் ரத்தக்குழாய்கள் வேர்போல நனைந்து கிடக்கின்றன. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை, நடுவே மெல்லிய சுவர். அம்மா தன் தேவைக்கும் நஞ்சுக்கொடியின் பசிக்கும் எடுத்தது போக, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிற ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். பிள்ளையின் உடம்பிலேயே ஆகச் சிறந்த ரத்தம் அதுதான்.

30 எவ்வளவு குறைவு என்பதை உணர ஓர் ஒப்பீடு. 2007-இல் எவரெஸ்ட்டில் ஏறிய மருத்துவர்களில் நால்வர், இறங்கும் வழியில் 8,400 மீட்டர் உயரத்தில் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குளிரில் கால்சட்டையைத் தளர்த்தி ஊசி குத்திக்கொள்ளும் ஆராய்ச்சிப் பித்தை என்னவென்று சொல்வது! சராசரி அழுத்தம் 24.6. கேம்பிரிட்ஜின் ஜோசஃப் பார்க்ராஃப்ட் கருப்பையை எவரெஸ்ட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே. அவரும் அதே பித்துக் குலம்தான். 1920-இல் கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தன்னை அடைத்துக்கொண்டு, ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் மணிக்கட்டுத் தமனியைத் திறந்து ரத்தம் எடுக்கச் சொன்னவர். பிறகு பெரு நாட்டு மலைச் சுரங்க ஊருக்குப் போனார், அதன் பிறகு ஆட்டின் வயிற்றுக் குட்டிகளிடம் வந்து சேர்ந்தார்.

30 அழுத்தத்தில் பெரியவர் ஹீமோகுளோபின் 60 சதவீதம்கூட நிரம்பாது. பிள்ளையின் ஹீமோகுளோபின் 75-ஐத் தாண்டி நிரம்பிவிடும். பாதி இருக்கை நிரம்பப் பெரியவர் ரத்தத்துக்கு 27 மில்லிமீட்டர் அழுத்தம் வேண்டும். பிள்ளைக்கு 19, 20 போதும். அம்மாவின் ரத்தம் தளர்த்தி விடுகிற அதே அழுத்தத்தில் பிள்ளையின் ரத்தம் பிடித்துக்கொள்கிறது. இழுபறி இல்லாமல் ஆக்சிஜன் சுவரைத் தாண்டுகிறது.

இந்தக் கூடுதல் பிடிப்பு எங்கிருந்து வருகிறது? பிள்ளையிடம் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. 146 அமினோ அமிலங்களில் 39 இடங்களில் இரண்டும் வேறுபடுகின்றன. இருந்தாலும் ஆய்வகத்தில் இரண்டு ஹீமோகுளோபினையும் சுத்தப்படுத்தித் தனியே வைத்தால், ஆக்சிஜனைப் பிடிப்பதில் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். பல வருடம் இது ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியிருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கிற வேறு ஏதோ ஒன்று கழுவும்போது போய்விடுகிறது என்றுதானே அர்த்தம்? அது டி.பி.ஜி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஒரு சின்ன மூலக்கூறு என்பது 1967-இல் வெளிவந்தது. ரெய்ன்ஹோல்ட் பெனெஷ், ரூத் பெனெஷ் என்ற தம்பதி கண்டது, அதே ஆண்டில் வேறொரு குழுவும் கண்டது.

டி.பி.ஜி. செய்வது தச்சு வேலை. ஆக்சிஜன் இறங்கியதும் இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே ஓர் இடுக்கு திறக்கும். அதில் இது ஆப்புபோல இறங்கி உட்கார்ந்துகொண்டு, உருண்டை மறுபடி ஆக்சிஜனுக்குத் தோதாகத் திரும்பவிடாமல் தடுக்கிறது. ஆப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது, இடுக்கின் சுவர் நேர்மின்னேற்றம் கொண்டது. அதனால் நன்றாக இறுகும். காமா சங்கிலியில் அந்தச் சுவரின் 143-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் செரின் இருக்கிறது. செரினுக்கு மின்னேற்றம் இல்லை. ஆப்பு ஆடுகிறது, நழுவுகிறது. பிடிப்பு கூடிவிடுகிறது. பிள்ளையின் ரத்தம் அதிகமாக எதையும் சேர்த்துக்கொண்டு வலுவாகவில்லை. பெரியவர் ரத்தத்தைத் தளர்த்துகிற ஒன்றுக்கு அது சரியாக இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மேல் இன்னொரு சின்னக் கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் ஆக்சிஜன் பிடி தளரும் என்று 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் காட்டினார். அணுவைப் படம் போட்ட நீல்ஸ் போரின் தகப்பனார். நஞ்சுக்கொடியில் பிள்ளை தன் கரியமில வாயுவை அம்மாவிடம் தள்ளுகிறது. தள்ளியதும் பிள்ளையின் பிடி இறுகுகிறது, வாங்கியதும் அம்மாவின் பிடி தளர்கிறது. ஒரே செயலுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். காமா சங்கிலி இல்லாவிட்டால் பிள்ளையே பிழைக்காது என்ற தொனியோடு. எனக்கு அதில் சின்ன முணுமுணுப்பு உண்டு. நியூசிலாந்தின் வில்லியம் லைலி 1963-இல், அம்மாவின் ரத்தத்தோடு ஆர்.எச். வகை ஒத்துப்போகாததால் ரத்தம் சிதைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றினார். ஏற்றியது பெரியவர்கள் தானம் கொடுத்த ரத்தம். இப்படி நான்கைந்து முறை ஏற்றப்படும் பிள்ளையின் உடம்பில் தன் சொந்த ரத்தம் கிட்டத்தட்டத் தீர்ந்தேபோயிருக்கும். ஆனாலும் வளர்கிறது, பிறக்கிறது, அழுகிறது. நாய்க்கும் பன்றிக்கும் வயிற்றுக் குட்டிக்கென்று தனி ஹீமோகுளோபினே இல்லை. குட்டியின் சிவப்பணுவில் டி.பி.ஜி.யைக் குறைத்து வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. பார்க்ராஃப்ட் பார்த்த செம்மறியாட்டுக்கு டி.பி.ஜி. சங்கதியே இல்லை, அதன் குட்டி ஹீமோகுளோபின் இயல்பிலேயே இறுக்கமானது. வேகமாக அடிக்கும் இதயம், 16, 17 கிராம் என்று அடர்ந்த ரத்தம், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த எவரெஸ்ட்டில் குடித்தனம் நடக்கிறது.

எனக்குத் திட்டு வாங்கிக்கொடுத்த அமிலப் பிடிவாதத்துக்கு வருகிறேன். அதே பிடிவாதத்தைச் சோதனையாகவே மாற்றிவிட்டார்கள் ஜெர்மனியின் கிளைஹவரும் பெட்கேயும், 1957-இல். ஆர்.எச். நெகட்டிவ் அம்மாவின் ரத்தத்தில் பிள்ளையின் ரத்தம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அம்மாவின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்கப் பழகாமல் தடுக்கப் போடும் ஆன்டி-டி ஊசியின் அளவு அதைப் பொறுத்துத்தான். அம்மாவின் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, அமிலக் கரைசலில் முக்கி எடுத்து, சாயம் ஏற்றுவோம். பெரியவர் அணுக்களில் இருந்த ஹீமோகுளோபின் கழுவிக்கொண்டு போயிருக்கும். நுண்ணோக்கியில் வெறும் வட்டக் கோடுகள், வெளிறிய ஆவிகள். அந்த ஆவிக் கூட்டத்தின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ரோஜா நிறத்தில் பளிச்சென்று பிள்ளையின் அணுக்கள். முதல்முறை பார்த்தபோது எண்ணுவதை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்ணால் பார்ப்பதற்கு வேறு என்ன வழி இருக்கிறது?

பிறந்தபின் காமா சங்கிலி மெல்ல நிறுத்தப்பட்டு பீட்டா வந்துவிடும். சிலருக்கு அந்த மாற்றம் முழுமையாக நடக்காமல் இருப்பதே பாக்கியம். சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் அரிவாள் அணு நோயில் கெட்டுப்போவது பீட்டா சங்கிலி. அந்த நோயோடு பிறந்த குழந்தைகள் முதல் மாதங்களில் நன்றாக இருப்பதற்குக் காரணம் பிள்ளை ஹீமோகுளோபின்தான் என்று 1948-இல் நியூயார்க்கின் ஜேனட் வாட்சன் ஊகித்தார். நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அணுக்கூறு இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-இல் வெளியிட்டார்கள். இந்திய வகையில் பெரியவர்களான பிறகும் பிள்ளை ஹீமோகுளோபின் கூடுதலாக நீடிப்பதால் பலருக்கு நோயின் கடுமை குறைகிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை செய்வதும் அதைக் கூட்டும் வேலையையே. காமாவை நிறுத்திவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் வாயை எலும்பு மஜ்ஜைச் செல்களில் அடைக்கும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. விலையைக் கேட்டால் நம் ரத்தம் உறைந்துவிடும்.

இனி சம்பந்தியின் ஏழு கிராம். நான் அவரை உட்காரவைத்துச் சொன்னது ஏறத்தாழ இதுதான். வயிற்றுக்குள் இருந்தவரை பிள்ளை மலையுச்சியில் இருந்தது. அதனால் ரத்தத்தை அதிகமாகச் செய்துவைத்துக்கொண்டது. பிறந்து, அழுது, மூச்சு இழுத்த பத்தாவது நிமிடத்துக்குள் சமவெளிக்கு வந்துவிட்டது. ஆக்சிஜன் தாராளம். இனி இவ்வளவு ரத்தம் எதற்கு என்று உடம்பு, சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது, எலும்பு மஜ்ஜை ஓய்வெடுக்கிறது. பிள்ளையின் சிவப்பணு நம்முடையதைப்போல 120 நாள் வாழாது, 60 முதல் 90 நாள்தான். பழையது உடைகிறது, புதியது வரவில்லை, உடம்போ வாரா வாரம் எடை போடுகிறது. எட்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் எண் 10-ஐ ஒட்டி இறங்குவது இதனால்தான். மூன்றாம் நாள் மஞ்சளாகப் பார்த்தோமே, அதில் ஒரு பகுதி உடைந்த ரத்தத்தின் நிறம்.

"அப்படியானால் பிள்ளைக்கு மூச்சு போதுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 17 கிராமில் பெரும்பகுதி இறுக்கிப் பிடிக்கிற ஜாதி. இந்த 10 கிராமில் தளர்த்தி விடுகிற ஜாதி வாரா வாரம் கூடிக்கொண்டு வருகிறது. கையில் இருப்பது குறைந்திருக்கிறது, கொடுப்பது குறையவில்லை. உடைந்த ரத்தத்தின் இரும்பு வெளியே போகவும் இல்லை. உள்ளேயே சேர்த்துவைக்கப்பட்டு, மஜ்ஜை விழித்ததும் செலவாகும். நிறைமாதப் பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதம்வரை தாங்கும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டச் சொல்வதும் இந்தச் சேமிப்பைக் கூட்டத்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கே வேறு, எண் இன்னும் சீக்கிரமாக, இன்னும் கீழே இறங்கும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சம்பந்தி பொறுமையாகக் கேட்டார். "சேமிப்பு" என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அப்போது கீரை வேண்டாமா?" என்றார் கடைசியில். கீரை என் மகளுக்கு நல்லது, பேத்தியின் எண்ணை அது அசைக்காது என்றேன். தலையாட்டினார். மறுநாளும் கீரை வந்தது.

அடுத்த பரிசோதனை ஆறாம் மாதம். தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் தேதிக்கும் கீழே, பென்சிலால் 17.4, 10.1 என்று எழுதி, மூன்றாவது எண்ணுக்கு ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார்.